வெர்செல்லியின் பொருட்டு

ஒரு மொழியின் சொற்களை மற்றொரு மொழிக்கு மாற்றித் தருவதையே நாள்தோறும் தொழிலாகக் கொண்டவன் நான். பெயர்களை மொழிபெயர்க்கலாகாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடங்களுள் ஒன்று. எனினும், இத்தாலி நாட்டுக் கால்பந்தாட்டக் கழகம் ஒன்றின் பெயரை மட்டும் மொழிபெயர்த்துப் பாராமல் இருக்க என்னால் இயலவில்லை. ப்ரோ வெர்செல்லி என்பது அதன் பெயர். ‘ப்ரோ’ என்பது இலத்தீனிலிருந்து வந்த சொல். நம் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமை தரும் பொருள்களுள் ஒன்றை அது தருகிறது. ‘வெர்செல்லியின் பொருட்டு’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். ஓர் ஊரின் பொருட்டு ஆடுவது என்றால் என்ன? இக்கழகத்தின் வரலாற்றைக் கேட்டபின் நேயர்களே இதற்கு விடை காணலாம்.

வெர்செல்லி வட இத்தாலியில், பியட்மாண்ட் பகுதியில், டூரினுக்கும் மிலானுக்கும் இடையே செஸியா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. ஐம்பதாயிரம் மக்களைக்கூட எட்டாத ஊர். இத்தாலி என்றதும் கோதுமையும் திராட்சையுமே நம் நினைவுக்கு வரும். இவ்வூரைச் சுற்றி இருப்பவையோ நெல் வயல்கள். 1866-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கவூர் கால்வாய் இப்பகுதியின் நெற்சாகுபடிக்குப் பெருந்துணை ஆயிற்று. முழங்கால் அளவு நீரில் நின்று களை பறித்த பெண்கள் போராடி, எட்டு மணி நேர வேலை என்னும் உரிமையை 1906-ஆம் ஆண்டில் பெற்றதும் இந்த வெர்செல்லியில்தான். உழைப்பும் பிடிவாதமும் இவ்வூருக்குப் புதியவை அல்ல.

கழகம் தன் பிறப்பாண்டாகக் கொள்வது 1892. முதலில் அது உடற்பயிற்சிச் சங்கமாகவே இருந்தது. வாட்போரும் அங்கே பயிலப்பட்டது. 1903-ஆம் ஆண்டில் அதில் கால்பந்துப் பிரிவைத் தொடங்கியவர் மார்செல்லோ பெர்ட்டினெட்டி. பின்னாளில் மருத்துவரான இவர், வாட்போரில் 1924, 1928 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கப் பதக்கம் பெற்ற அணிகளில் இடம்பெற்றவர். இத்தகைய சூழலில் பிறந்தமையால், வெள்ளைச் சட்டை அணிந்த வெர்செல்லி ஆட்டக்காரர்களுக்கு உடல் வலிமையும் ஒழுங்கும் கூட்டுமுயற்சியும் இயல்பாகவே வாய்த்தன.

அக்காலத்தில் இத்தாலியின் பெருநகரக் கழகங்கள் பலவற்றில் ஆங்கிலேயரும் சுவிட்சர்லாந்து நாட்டவரும் ஆடி வந்தனர். வெர்செல்லியிலோ ஆடியவர் அனைவரும் உள்நாட்டு இளைஞர். அவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர்ப் பிள்ளைகள். 1908-ஆம் ஆண்டில் தேசியப் போட்டியில் அயல்நாட்டார் ஆடலாகாது என்று சம்மேளனம் விதித்தபோது, பெரிய கழகங்கள் சில சினந்து விலகிக்கொண்டன. அவ்வாண்டு வாகையர் பட்டம் வெர்செல்லிக்குக் கிடைத்தது. எதிரிகள் விலகியதால் வந்த வெற்றி என்று சொன்னவர் இருந்திருக்கலாம். ஆனால் 1909, 1911, 1912, 1913 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவர்களையே அடைந்தபோது அப்பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

இவ்வரிசையில் 1910 விடுபட்டிருப்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். அதன் கதை தனிக் கதை. அவ்வாண்டு ப்ரோ வெர்செல்லியும் மிலானின் இன்டர் கழகமும் சம புள்ளிகள் பெற்றன. பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டத்துக்கு ஏப்ரல் 24-ஆம் தேதி குறிக்கப்பட்டது. தம் ஆட்டக்காரருள் சிலர் அன்று இராணுவப் பந்தயம் ஒன்றுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் வேறு நாள் வேண்டுமென வெர்செல்லியினர் கேட்டனர். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. கண்டனம் தெரிவிக்கும் வகையில் அவர்கள் களத்துக்கு அனுப்பியது தங்கள் நான்காம் அணியை. அதாவது பள்ளிப் பருவத்துச் சிறுவர்களை! இன்டர் 10 கோல்கள் போட்டு வென்றது. சிறுவர்களும் 3 கோல்கள் போட்டனர்.

சம்மேளனம் கழகத்தை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. அத்தண்டனையின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. அதே ஆண்டு மே 15-ஆம் தேதி இத்தாலியின் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை மிலானில் பிரான்சை எதிர்த்து ஆடி வென்றபோது, நாட்டின் தலைசிறந்த அணியாகிய வெர்செல்லியிலிருந்து அதில் ஒருவரும் இல்லை.

மானத்தைக் காக்க எண்ணியவர்கள் அதன் சுமையைச் சிறுவர்களின் தோளில் ஏற்றினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தங்கள் பக்கம் நியாயம் இருந்தபோதிலும் அவர்கள் தேர்ந்த வழியை முழுமனத்தோடு பாராட்ட முடியவில்லை. ஆயினும் காலம் அவர்களுக்கு ஈடு செய்தது. 1913-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி டூரினில் இத்தாலி பெல்ஜியத்தை எதிர்த்து ஆடியபோது, பதினொருவரில் ஒன்பது பேர் வெர்செல்லிக் கழகத்தவர். வெற்றி தந்த ஒரே கோலைப் போட்டவரும் அக்கழகத்தின் கைடோ ஆராவே.

பின்னர் முதல் உலகப் போர் வந்தது. போர் முடிந்தபின் 1921, 1922 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு பட்டங்கள் கிடைத்தன. மொத்தம் ஏழு. அத்துடன் வெர்செல்லியின் பொற்காலம் முடிந்தது. அதை முடித்தது எதிரணியின் திறமை அன்று, பணம்.

விர்ஜீனியோ ரொசெட்டா வெர்செல்லியிலேயே பிறந்தவர், தடுப்பாட்டத்தில் நிகரற்றவர். 1923-ஆம் ஆண்டில் அவரை டூரினின் யுவெண்டஸ் கழகம் தன்பால் ஈர்த்துக்கொண்டது. ஃபியட் மோட்டார்த் தொழிற்சாலைக்கு உரிய அன்யெல்லி குடும்பத்தின் கைக்கு யுவெண்டஸ் வந்த ஆண்டும் அதுவே. ஆட்டக்காரர் ஊதியம் பெறுவதை விதிகள் ஏற்காத காலம் அது. ரொசெட்டாவின் மாற்றம் முறையற்றது என்று சம்மேளனம் கூறி, அவர் ஆடிய ஆட்டங்களின் வெற்றியை யுவெண்டஸிடமிருந்து பறித்தது. ஆயினும் ரொசெட்டா வெர்செல்லிக்குத் திரும்பவில்லை. யுவெண்டஸிலேயே நிலைபெற்றுப் பட்டங்கள் பல வென்றார். 1926-ஆம் ஆண்டில் வியாரெஜ்ஜோ சாசனம் என்னும் புதிய விதித்தொகுப்பு வந்து, ஊதியம் பெறும் ஆட்டக்காரருக்கு வழி திறந்துவிட்டது. அதன்பின் வெர்செல்லி பிள்ளைகளை வளர்க்கும் தாய்வீடாகவும், பெருநகரங்கள் அவர்கள் வாழப் புகும் வீடுகளாகவும் ஆயின.

அப்பிள்ளைகளுள் தலையாயவர் சில்வியோ பியோலா. 1913-ஆம் ஆண்டில் அருகிலுள்ள ரொப்பியோ என்னும் ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே வெர்செல்லி அணியில் இடம்பெற்றார். 1933-ஆம் ஆண்டில் ஃபியொரெந்தினா அணியை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் 6 கோல்கள் போட்டார். மறு ஆண்டே ரோமாபுரியின் லாட்ஸியோ கழகத்துக்குச் சென்றுவிட்டார். அவர் சென்ற அடுத்த பருவத்தில், 1935-ஆம் ஆண்டில், வெர்செல்லி முதற்பிரிவிலிருந்து இறங்கிற்று. அதன்பின் அப்பிரிவுக்கு மீளவே இல்லை. பியோலாவோ 1938-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹங்கேரியை எதிர்த்து இரு கோல்கள் போட்டு இத்தாலிக்கு வெற்றி தேடித் தந்தார். முதற்பிரிவு லீக் ஆட்டங்களில் அவர் போட்ட 274 கோல்களை எவரும் விஞ்சியதில்லை. வெர்செல்லியின் ஆடுகளம் பின்னர் அவர் பெயரையே தாங்கியது. பெற்ற புகழைத் தான் வைத்துக்கொள்ள முடியாத ஊர், அப்பெயரையேனும் வைத்துக்கொண்டது.

1948-ஆம் ஆண்டில் கழகம் இரண்டாம் பிரிவையும் இழந்தது. நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளிலேயே அதன் வாழ்வு கழிந்தது. 2010-ஆம் ஆண்டில் இன்னும் பெரிய இடி விழுந்தது. பணமுடையால் பழைய கழகம் லீகிலிருந்து விலக்கப்பட்டது. அதே ஊரில் இருந்த ப்ரோ பெல்வெதெரே என்னும் மற்றொரு கழகம் முன்வந்து, தன் பெயரை விடுத்து, ப்ரோ வெர்செல்லி என்னும் பெயரையும் 1892 என்னும் ஆண்டையும் ஏற்றுக்கொண்டது. அவ்வாறு மறுபிறப்பெடுத்த கழகம் 2012-ஆம் ஆண்டில் கார்ப்பி அணியை வென்று, 64 ஆண்டுகளுக்குப்பின் இரண்டாம் பிரிவில் மீண்டும் கால் வைத்தது. அடுத்த ஆண்டே இறங்கி, 2014-இல் ஏறி, 2018-இல் மறுபடியும் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிற்று.

பழைய கழகம் வேறு, புதிய கழகம் வேறு என்று சட்டம் அறிந்தவர் கூறலாம். ஏட்டின்படி அது சரியே. ஆனால் ஒரு கழகம் தன் பெயரையே விட்டுக்கொடுத்து இன்னொன்றின் பெயரை வாழவைத்தது எதற்காக? அப்பெயர் அழிந்தால் ஊரின் நினைவில் ஒரு பகுதி அழியும் என்று அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். ஆட்டக்காரரை விலைக்கு வாங்கலாம். பட்டங்களையும் ஒருவகையில் விலைக்கு வாங்கலாம். ‘பொருட்டு’ என்னும் அச்சொல்லை மட்டும் விலைக்கு வாங்க இயலாது. அதை ஊரார் தாமே மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. ஏழு பட்டங்கள் வென்ற காலத்தில் அணி ஊரின் பொருட்டு ஆடியது. பட்டமே இல்லாத இந்த நீண்ட காலத்தில் ஊர் அணியின் பொருட்டு நின்றது. வேற்றுமை உருபு இடம் மாறினாலும் பொருள் மாறவில்லை.