நறுக்கென்று ஒரு விடை

"நறுக்கென்று சொன்னார்" என்பது மதுரைக் கடைவீதியிலும் வீட்டுத் திண்ணையிலும் அன்றாடம் கேட்கும் பாராட்டு. நறுக்குதல் வெட்டுதலன்றோ? மிகை வெட்டுண்ட, பொருள் செறிந்த பேச்சையே அது குறிக்கின்றது. இவ்வாறு ஓசையையும் குறிப்பையும் வினையோடு பிணைக்கும் 'என' என்னும் இடைச்சொல்லைத் தொல்காப்பியர் அன்றே வகுத்துரைத்தார்.

'வெடுக்கென்று சொன்னார்' என்றாலோ கதையே வேறு. கையிலிருப்பதைப் பிடுங்குவதற்கும் அதே சொல்தான்! எத்தனை சம்பந்தப் பேச்சுகள் இந்த ஒரு சொல்லால் முறிந்திருக்கின்றன!

1572இல் இதே மதுரையில் அரங்கேறியது வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்று பொருள். வினவுபவர் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம். விடையளிப்பவர் நபிகள் நாயகம் (ஸல்). அத்தனை வினாக்களுக்கும் விடை பெற்றே அவர் இஸ்லாத்தில் இணைகின்றார். 'வெடுக்கென்று' என்னும் சொல்லுக்கு அந்த அவையில் இடமேது?