முள்கம்பிக்குள்ளே இருந்த நம்ம ஜனங்கள்

 

அன்னதானத்துக்குக் காய்கறி வாங்க நாங்க நாலு தொண்டர்கள் பெராபிட் போயிருந்தோம். வேன்ல ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இங்க ஏன் வீடெல்லாம் இப்படி வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கு?" தெரியாத பிள்ளைகள் நிறைய. அதனாலதான் இந்தப் பதிவு.

பெராபிட், மாச்சாங் பூபோக் எல்லாம் அவசரகாலத்துப் புதுக்கிராமங்கள். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு அவசரகாலம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பசிக்குப் பயந்து காட்டோரம் போய் மரவள்ளி நட்டுப் பிழைத்த சீனர்கள் ஏராளம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு இவர்களிடமிருந்துதான் அரிசி போகிறது என்றது அரசாங்கம். சிலர் விரும்பிக் கொடுத்தார்கள், சிலர் துப்பாக்கிக்குப் பயந்து கொடுத்தார்கள், பலர் கொடுக்கவே இல்லை. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1950-ல் ஜெனரல் பிரிக்ஸ் போட்ட திட்டப்படி சுமார் 5 லட்சம் பேரை லாரியில் ஏற்றிப் புதுக்கிராமங்களில் இறக்கினார்கள். பெரும்பாலும் சீனர்கள். முள்கம்பி வேலி, வாசலில் சோதனை, ராத்திரி ஊரடங்கு.

நம்ம பக்கத்துப் பெர்மாத்தாங் திங்கியில் 1952-ல் ஒரு குடியமர்த்தல் அதிகாரி கொல்லப்பட்டார். கொன்றவனை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஜெனரல் டெம்ப்ளர் ஊர் ஜனங்கள் எல்லாரையும் காவலில் வைத்தார், வீடுகளையும் இடித்தார்கள். குழந்தை என்ன குற்றம் செய்தது?

இதைச் சொன்னதும் இன்னொரு தம்பி, "அவங்க உதவி செஞ்சாங்க, அனுபவிச்சாங்க" என்றான். எங்களில் மூத்தவர் வண்டியை ஓரம் கட்டிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க பாட்டி இருந்த தோட்டத்து லயத்தையும் அதே கம்பிதான் சுத்தி இருந்துச்சு. பால்மரம் வெட்டப் போறப்ப ஒரு பிடி சோறு கொண்டு போக முடியாது. மடியைத் தடவிப் பார்ப்பான்." தம்பி அப்புறம் பேசவே இல்லை.

1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. வேலி போனது, பயம் சுலபத்தில் போகவில்லை. ஒருத்தன் செய்ததுக்கு ஓர் இனத்தையே சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்பது இதுதான். இன்று வாட்ஸ்அப்பில் "அந்த ஆளுங்களே இப்படித்தான்" என்று வந்தால், அனுப்புறதுக்கு முன்னால் கொஞ்சம் யோசிப்போம். பினாங்கு தைப்பூசத்தில் நம்ம முருகனுக்குத் தேங்காய் உடைப்பதும் அதே சீனர்கள்தான்.

கம்பிக்குள் வாழ்ந்த பெரியவங்க உங்க வீட்டில் இருந்தால், வெள்ளிக்கிழமை பூஜைக்கு அழைச்சிட்டு வாங்க. அவங்க சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். அம்மன் துணை.