கிளினிக் கொப்பியும் கணினியும்: கொஞ்சம் வரலாறு

சீனி, பிரஷர் வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் ஒருவர் இருந்தால், நம்ம ஊரில் அந்த வீட்டு அலுமாரியில் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். அது தொலைந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எப்போது அளவைக் கூட்டினார்கள் என்ற விபரமும் தொலைந்துவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நமது புத்தளத்துக்கு வந்த மக்கள், எதை எடுப்பது என்று யோசிக்கவும் அவகாசம் இல்லாமல் வந்தவர்கள். தாளில் மட்டும் இருப்பது தாளோடு போய்விடும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அரச வைத்தியசாலைகளுக்குக் கணினிப் பதிவு வேண்டும் என்று நாம் சொல்வது அதனால்தான். அது நடக்காத காரியமும் இல்லை. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலை கொழும்புப் பெரியாஸ்பத்திரி போன்றதல்ல. ஆனாலும் 2010களின் தொடக்கத்திலேயே அங்கு நோயாளிக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். டொக்டர் பழைய விபரத்தைத் திரையில் பார்த்தார். அவர் எழுதிய மருந்து பாமசித் திரையில் தெரிந்தது.

2020 ஜனவரியில் கொரோனா வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க நம் நாட்டவர்களே டி.எச்.ஐ.எஸ்.2 என்ற இலவச மென்பொருளில் ஒரு பகுதியை உருவாக்கினார்கள். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. கொழும்புப் பல்கலைக்கழகம் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே டொக்டர்களுக்கு இந்தத் துறையைப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தது. ஆள் தயாராக இருந்ததால் வேலை நடந்தது.

மறுபக்கமும் உண்டு. 2021 ஜூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச கணினித் தொகுதியிலிருந்து அழிந்தன. விவகாரம் பொலிஸ் விசாரணை வரை போனது. 2022 மார்ச் இறுதியில் கரண்ட் 13 மணித்தியாலம் வரை நின்றது. அதே மாதம் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். தாளும் கைவிட்டது, கணினியும் கைவிட்டது.

ஆகவே, நமது ஆஸ்பத்திரிக்குக் கணினி வரும் நாளில் ரிப்பன் வெட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. விபரத்தைப் பதிய தனி ஆள் உண்டா, அல்லது நூறு பேரைப் பார்க்கும் அதே தாதியா? கரண்ட் போனால் என்ன வழி? பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறதா? பழுதானால் யார் வருவார்? இந்த நான்கையும் கேட்போம்.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. முஹம்மத் என்ற பெயரை நாமே நாலு விதமாக எழுதுகிறோம். எழுத்து மாறினால் கணினிக்கு ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைக் கொடுப்போம். அதுவரை கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைப்போம், அதன் பக்கங்களை போனில் ஒரு படமும் எடுத்து வைப்போம்.