முதியோரும் மருத்துவ ஆராய்ச்சியும்

1963ஆம் ஆண்டு யூலை மாதத்தில், நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியில், நாட்பட்ட நோயாளருக்கென அமைந்த யூத வைத்தியசாலையொன்றில் 22 பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் தளர்ந்து நலிந்த முதியோர். அவ்வூசியில் இருந்தவை உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள். நோயாளருக்கோ, உடலின் எதிர்ப்பாற்றலை அறியும் சோதனை என்று மட்டுமே சொல்லப்பட்டது.

ஆராய்ச்சியை நடத்தியவர் சுலோன்-கெற்றறிங் நிறுவனத்து வைத்தியர் செஸ்டர் சதம். அவர் விடை தேடிய வினா அற்பமானதன்று. சுகதேகிகளின் உடலில் ஏற்றப்பட்ட அந்நியப் புற்றுக்கலங்கள் சில வாரங்களில் அழிந்தன. புற்றுநோயாளரின் உடலில் அவை அழிய நெடுநாட் சென்றது. இத்தாமதத்துக்குப் புற்றுநோய் காரணமா, அன்றி எந்நோயினாலும் வரும் பொது நலிவு காரணமா? இதனை அறியப் புற்றுநோயில்லாத நலிந்த உடல்கள் வேண்டியிருந்தன. அத்தகையோர் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்குமிடம் அவ்வைத்தியசாலை.

புற்றுநோய் என்னும் சொல் வீணே அச்சமூட்டும் என்பது மறைத்தமைக்குக் கூறப்பட்ட நியாயம். அக்கலங்களைத் தம் உடலில் ஏற்றிக்கொள்ளாதது ஏன் என வினவப்பட்டபோது, தேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சியாளர் மிகச் சிலரே என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். முதியோர் பலர் உளர் என்பது அதன் மறுபக்கம் போலும்!

அங்குப் பணிபுரிந்த இளம் வைத்தியர் மூவர் ஊசி ஏற்ற மறுத்தனர். பின்னர் பதவியையும் துறந்தனர். சோதனைக்கு உட்படுவோரின் சுயவிருப்பமே முதல் நிபந்தனை என நூரம்பேர்க்கில் 1947இல் வகுக்கப்பட்டு 16 ஆண்டுகளே கழிந்திருந்தன. நிருவாகசபை உறுப்பினரான சட்டத்தரணி வில்லியம் ஹைமன், நோயாளர் பதிவேடுகளைப் பார்வையிட நீதிமன்றம் சென்று வென்றார். ஈற்றில் சதமுக்கும் வைத்தியசாலைப் பொறுப்பாளருக்கும் விதிக்கப்பட்ட ஓராண்டு உரிமத்தடை நிறுத்திவைக்கப்பட்டு, வெறும் கண்காணிப்பாகச் சுருங்கியது. 1966இல் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, தன் பணத்தில் நடைபெறும் மனித ஆராய்ச்சியெல்லாம் ஒரு குழுவின் முன்னாய்வுக்கு உட்படவேண்டுமென விதித்தது.

1965இல் இயற்றப்பட்ட மருத்துவ உதவிச் சட்டங்களின் பின், நலிந்த முதியோரை ஏற்கும் பராமரிப்பு இல்லங்கள் அந்நாட்டிற் பெருகின. ஆராய்ச்சியாளரோ இப்பொழுது அவ்வில்லங்களை ஒதுங்கிச் சென்றனர். நினைவு மங்கியோரிடம் ஒப்புதல் பெறுவது கடினம்; பல நோயுடையோரின் உடலில் ஒரு மருந்தின் பயனைப் பிரித்தறிவதும் கடினம். ஆதலால் மருந்துகள் திடமானோரிடம் சோதிக்கப்பட்டு, திடமற்றோருக்குக் கொடுக்கப்பட்டன.

2020இல் கொரோனாத் தொற்று இல்லங்களிற் புகுந்து பல்லாயிரவரைக் கொன்றபோது, இந்நிலை சற்று அசைந்தது. பிறபொருளெதிரி மருந்தொன்றைச் சோதிக்க, ஆய்வுகூடமாக மாற்றப்பட்ட ஊர்திகளே இல்லங்களின் வாசலுக்குச் சென்றன. நோய் தொற்றியிராத 966 வாசிகளும் பணியாளரும் ஆராயப்பட்டனர். மருந்து பெற்றோரில் 8.5 சதவீதத்தினரும், பெறாதோரில் 15.2 சதவீதத்தினரும் நோயுற்றனர்.

தடுப்பூசிச் சோதனைகளில் இத்தகைய முயற்சி நிகழவில்லை. 2020 டிசெம்பர் 1ஆந் திகதி, இல்லவாசிகளுக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் முதலிடம் அளிக்கும் தீர்மானம் அந்நாட்டு ஆலோசனைக் குழுவில் 13 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவர் ஒருவர். முதியோர் நலனையே ஆராய்ந்துவந்த அவ்வைத்தியரின் ஆட்சேபம், அவ்வூசி இல்லவாசிகளிடம் சோதிக்கப்படவில்லை என்பதே.