பதினேழாவது ஆள்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆட்டோகிராஃப் நோட்டு ஏதாவது கிடக்கிறதா? ரோஸ், மஞ்சள், இளம்பச்சை என்று கலர் கலராகத் தாள் வைத்தது? இருந்தால் தூசு தட்டி எடுத்து வையுங்கள். இந்த வாரம் கையெழுத்துக் கதை!

1987, அக்டோபர். எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி வீடு. உலகக் கோப்பை மேட்ச் பார்க்க என் சித்தப்பா மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து மெட்ராஸ் போனார். சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு ஷாட்டை முதலில் ஃபோர் என்று கொடுத்துவிட்டு, இன்னிங்ஸ் முடிந்தபிறகு அது சிக்ஸர் என்று மாற்றினார்கள். ஸ்கோர் 268 என்பது 270 ஆனது. நம்ம ஆட்கள் எடுத்தது 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி!

சித்தப்பா தொங்கிப்போன முகத்தோடு திரும்பினார். ஆனால், கையில் ஒரு சாண் நீளத்துக்குக் குட்டி பேட். கபில்தேவ், கவாஸ்கர், ஸ்ரீகாந்த் என்று மொத்தம் 14 கையெழுத்து. ''எல்லாம் ஒரிஜினல்டா. ஸ்டேடியம் வாசல்ல வாங்கினேன். பத்திரமா வெச்சுக்கோ!''

வைத்துக்கொண்டேன். பத்து வருஷம் தெருவையே அதட்டி வைத்த சொத்து அது.

அப்புறம் பி.காம். சேர்ந்தேன். 'கையெழுத்து இல்லாத செக் வெறும் காகிதம்' என்று வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த காலம். உறையூரிலிருந்து வந்த கிளாஸ்மேட் ஒருவன், ''எங்க வீட்டுலயும் இதே பேட் இருக்கே!'' என்றான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே சுழி, அதே கோணல், அதே இடத்தில் அதே இழுப்பு. பிரின்ட்!

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

பிடித்த டீமின் கையெழுத்தைச் சேர்ப்பது உலகம் பூரா உள்ள பித்து. நமக்குக் கிரிக்கெட் மாதிரி அமெரிக்கர்களுக்கு பேஸ்பால். சிகரெட் பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை வைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1909-ல் வெளிவரத் தொடங்கிய அந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. தன் படத்துக்காகப் பையன்கள் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. மிச்சமிருந்த சொற்ப அட்டைகளில் ஒன்று 2022-ல் என்ன விலைக்குப் போனது தெரியுமா? 72.5 லட்சம் டாலர்! இத்தனைக்கும் அதில் கையெழுத்துகூடக் கிடையாது.

நம்மூரில் கையெழுத்துக்கு விலை வைத்த ஒருவர் இருந்தார். ரேட் 5 ரூபாய். கறார். பேரம் கிடையாது.

மகாத்மா காந்தி!

1933 நவம்பரில் தீண்டாமைக்கு எதிராக நாடு சுற்றக் கிளம்பினார். ஒன்பது மாதம், 12,500 மைல். ஹரிஜன நிதிக்குச் சேர்ந்தது சுமார் 8 லட்சம் ரூபாய். கையெழுத்துக் காசும் அந்த உண்டியலுக்குத்தான் போனது. 1934 ஜனவரியில், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகரையில் கௌமுதி என்ற 16 வயதுப் பெண் கையெழுத்து கேட்டு மேடையேறினாள். ஒரு தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த வளையலையும் கழற்றினாள். ''கையெழுத்துக்கு ஒன்று போதுமே'' என்கிறார் காந்தி. அவள் கேட்கவில்லை. கழுத்துச் சங்கிலி, காதணி எல்லாம் வந்துவிட்டது. இனிமேல் நகை போட மாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு, நீ துறந்த நகையைவிட உன் துறவுதான் அழகு என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் திருச்சிக்கு வந்தார். அப்போது ஸ்ரீரங்கம் கோயில் வாசல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மூடியேதான் இருந்தது. அந்தக் கதவை அசைக்கத்தான் ஐந்தைந்து ரூபாயாக வாங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

இப்போது அதே 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்துக்கு வாருங்கள். அங்கே நடந்த முதல் டெஸ்ட் மேட்ச், 10-ம் தேதி தொடங்கியது. எதிரில் எம்.சி.சி. என்ற பெயரில் வந்திருந்த இங்கிலாந்து டீம். கேப்டன் டக்ளஸ் ஜார்டின். முந்தைய வருஷம் ஆஸ்திரேலியாவில் உடம்பைக் குறிவைத்துப் பந்து போடவைத்து ஊரெல்லாம் திட்டு வாங்கியவர். பிறந்தது நம்ம பம்பாயில்! அமர்சிங் 7 விக்கெட் எடுத்தார். பதிலுக்கு அங்கே ஹெட்லி வெரிட்டி 7 எடுத்தார். இங்கிலாந்து 202 ரன்னில் ஜெயித்தது. ஜார்டினுக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

அந்த டீமின் 16 பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார் ஒரு பெண். பெயர் லட்சுமி. விஜய் மெர்ச்சன்ட்டின் தங்கை. அண்ணன் லேசுப்பட்டவர் இல்லை. காந்தியைச் சிறையில் போட்டதற்காக 1932 இங்கிலாந்து டூருக்கே வரமாட்டேன் என்றவர். தங்கை அதே நோட்டைக் காந்தியிடம் நீட்டினார்.

தாத்தா பக்கங்களைப் புரட்டினார். தலைவர்கள் பக்கம் தேடிப் போடவில்லை. ஜார்டின் டீம் பக்கத்தில் நிறுத்தினார். 16 பெயருக்குக் கீழே 17 என்று நம்பர் போட்டு, 'எம்.கே.காந்தி'!

யோசித்துப் பாருங்கள். யாருடைய ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனாரோ, அந்த ஊர் டீமில் போய்ப் பதினேழாவது ஆளாக உட்கார்ந்துகொண்டார். இந்து, முஸ்லிம், பார்சி என்று மதவாரியாக டீம் பிரித்து ஆடிய பம்பாய்ப் போட்டியை 1940-ல் கூடாது என்று சொன்னதும் இதே காந்திதான். ஆளைப் பிரிக்கும் டீம் அவருக்கு ஆகாது. எதிராளி டீமில் சேர்ந்துகொள்ளத் தயங்கவும் இல்லை.

அந்தப் பக்கத்தில் இருந்த வெரிட்டி, 1943-ல் போரில் காயம்பட்டு இத்தாலியில் செத்துப்போனார். இனி அந்த 17 பேரில் ஒருவரும் கையெழுத்துப் போடப்போவதில்லை. அந்த நோட்டு ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று என் காமர்ஸ் மூளை கணக்குப் போடத்தான் செய்கிறது. ஆனால், பேனா பிடித்தவரும் நோட்டு நீட்டியவரும் ஒரு நிமிஷம் எதிரெதிரே நின்றார்களே, அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

என் பேட்டில் இல்லாமல் போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

இந்தக் கதையைப் படித்த வாரம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு அப்போது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. பிரின்ட் விஷயத்தை நான் சொல்லவே இல்லை. பேட்டைத் திருப்பி, அடியில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, ''இங்க ஒரு கையெழுத்து போடுங்க சித்தப்பா'' என்றேன்.

''எல்லாம் பெரிய பெரிய பிளேயரா இருக்காங்க. நான் எதுக்குடா?''

''நீங்கதானே அந்த மேட்ச்சுக்குப் போனது!''

வெட்கப்பட்டுக்கொண்டே பால்பாயின்ட் பேனாவில் போட்டார். கோணல்மாணலாக வந்தது.

அவர் இன்றில்லை. பேட் என் மேஜைமேல் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கபில்தேவைத் தேடுகிறார்கள். நான் பேட்டைத் திருப்பிக் காட்டுகிறேன். இருக்கிற பதினைந்தில், அது ஒன்றுதான் ஒரிஜினல்!