வட்டவளை மண்சரிவும் நிலவுடைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்து மண்சரிவுகளை 'இயற்கை அனர்த்தம்' என்ற தொடருள் அடக்கிவிடும் வழக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. மழையும் சரிவும் இயற்கையின்பாற்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சரிவில் யார் குடியமர்த்தப்பட்டனர், எச்சரிக்கை கிடைத்த பின்னர் யாரால் விலகிச் செல்ல முடிந்தது என்னும் வினாக்களுக்கான விடையைச் சமூக வரலாற்றிலேயே தேடவேண்டும். வட்டவளையை முன்வைத்து அதனை ஈண்டு நோக்குவோம்.

நாவலப்பிட்டிக்கும் அற்றனுக்கும் இடையே, தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் மலைச்சரிவில் வட்டவளை அமைந்துள்ளது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இவ்வூர், இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. மண்ணுட் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கும்போது மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. சரிவு நகரத் தொடங்குகிறது.

இச்சரிவுகளின் தோற்றத்தை மாற்றியது பெருந்தோட்ட முதலாளித்துவமாகும். உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டுச் சட்டம், மலைநிலம் தோட்ட முதலாளிகளின் கைக்குச் செல்ல வாயில் திறந்தது. காடழித்துக் கோப்பி நடப்பட்டது. 1869இல் இலைநோய் கண்டதன் பின் கோப்பி வீழ்ந்து தேயிலை பரவிற்று. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதப் பாதை, வட்டவளையூடாக 1884இல் அற்றனை அடைந்தது. தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரோ தோட்ட நிருவாகம் குறித்த இடத்தில், லயன் அறைகளில் வாழ்ந்தனர். வாழிடத்தைத் தேரும் உரிமை அவர்க்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அவ்வுரிமையை அரசியல்வழி கோருதலும் அரிதாயிற்று.

1992இல் வட்டவளையில் புகையிரதப் பாதை செல்லும் சரிவே நகர்ந்தது. பொறியியலாளர் ஆராய்ந்து, நிலத்துள் நீண்ட துளைகளிட்டு நீரை வடியச் செய்து அதனை நிலைப்படுத்தினர். மண்சரிவு தடுக்கவியலாத விதியன்று என்பதற்கு இதுவே சான்று.

இதனோடு பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையை ஒப்புநோக்குதல் தகும். அத்தோட்டத்து மக்கள் இடம்பெயர வேண்டுமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எனினும், 2014 ஒக்ரோபர் 29 காலை மண் சரிந்தபோது லயன்கள் மக்களோடு புதையுண்டன. முன்னையதில் பாதையைக் காக்கப் பணமும் அறிவும் ஒருங்கே செயற்பட்டன. பின்னையதில் அறிவு இருந்தது. ஆனால் மக்கள் சென்று குடியேறத் தமக்கென ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. நிலமற்றோனுக்கு எச்சரிக்கை வெறுங்கடதாசியே.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுத, சக்தி பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய கவிதை, தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்டு கிடக்கும் தொழிலாளரைப் பேசுகின்றது. மண்சரிவு வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது, அப்படிமத்தைக் கற்பனை மாத்திரமாகக் கொள்ள நம்மால் இயலவில்லை.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, மத்திய மலைநாடு கொடிய இழப்புக்குள்ளாயிற்று. நிவாரணம் வேண்டற்பாலதே. ஆயினும் தோட்டக் குடும்பங்களிற் பெரும்பாலானவை இன்றும் தாம் வாழும் நிலத்துக்கு உரித்துடையன அல்ல. ஆதலின் மலையகத்தில் அனர்த்தத் தடுப்பு என்பது முதன்மையாகக் காணிப் பிரச்சினையே. பாதுகாப்பான நிலமும் அதற்கான உறுதியும் தொழிலாளர் கைக்கு வருதலே அதன் தொடக்கமாகும்.