நெருப்புச் சூறாவளியும் ஆற்றில் இறங்கிய நற்கருணைப் பேழையும்



அக்டோபர் மாதம் செபமாலை மாதம். இந்த மாதத்தின் 8-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே மறைமாவட்டத்துக்கு மறக்க முடியாத நினைவு நாள். 1871-ஆம் ஆண்டு அதே நாளில், அந்த மறைமாவட்டத்தின் காட்டுப் பகுதிகளை நெருப்பும் சுழல்காற்றும் ஒன்றாகச் சேர்ந்து அழித்தன. இறந்தவர்களின் எண்ணிக்கை 1,200 முதல் 2,500 வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஊர்ப் பதிவேடுகளும் எரிந்துபோனதால் சரியான எண்ணிக்கை இன்றுவரை எவருக்கும் தெரியாது. எரிந்த நிலப்பரப்பு சுமார் 12 லட்சம் ஏக்கர். அமெரிக்க வரலாற்றில் இத்தனை உயிர்களைப் பலிகொண்ட காட்டுத்தீ வேறு இல்லை.

அப்படியிருந்தும் உலகம் இதை அதிகம் அறியவில்லை. அதே நாள் இரவில்தான் சிக்காகோ நகரமும் தீப்பிடித்து எரிந்தது. அங்கே ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெருநகரத்தின் செய்தி உலகெங்கும் பரவியது. காட்டுக்குள் இருந்த ஏழை மரத்தொழிலாளர்களின் செய்தி தந்திக் கம்பிகளோடு சேர்ந்து எரிந்துவிட்டது.

காட்டில் காய்ந்து கிடந்த விறகு

பெஷ்டிகோ என்பது அந்தப் பகுதியின் சிற்றூர். பெஷ்டிகோ ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்தது. ஊரில் சுமார் 1,700 பேர் வாழ்ந்தார்கள். சிக்காகோவின் முதல் மேயராக இருந்த வில்லியம் ஆக்டனுக்குச் சொந்தமான மரவாளி, மரத்தொட்டி செய்யும் பெரிய தொழிற்சாலை அங்கே இருந்தது. வீடுகள் மரத்தால் ஆனவை. நடைபாதைகள் மரப்பலகைகள். தெருக்களில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது.

சுற்றிலும் அடர்ந்த காடு. மரம் வெட்டுவோர் நல்ல மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளைகளையும் தழைகளையும் அப்படியே விட்டுச் சென்றார்கள். இருப்புப் பாதை போடுவோர் வெட்டிய மரங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். குடியேறிய உழவர்களும் நிலத்தைத் திருத்துவதற்குத் தீயையே பயன்படுத்தினார்கள். சாதாரண ஆண்டுகளில் மழை வந்து இந்தத் தீயை அணைத்துவிடும். 1871 கோடையிலோ மழை பொய்த்தது. சதுப்பு நிலங்களும் வற்றின. செப்டம்பர் மாதம் முழுவதும் சிறு சிறு தீ காட்டுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. மக்கள் வீடுகளைச் சுற்றித் தண்ணீர்ப் பீப்பாய்களை வைத்துக்கொண்டு அதனோடு வாழப் பழகிவிட்டார்கள்.

பெஷ்டிகோவுக்கும் அருகிலுள்ள மரினெட்டுக்கும் பங்குத்தந்தையாக இருந்தவர் பீட்டர் பெர்னின் அடிகளார். பிரான்சு நாட்டில் பிறந்தவர். செப்டம்பர் 22 அன்று அவர் மேய்ப்புப்பணிக்குச் சென்ற இடத்தில், ஒரு சிறுவனோடு காட்டுக்குள் வழிதவறித் தீயால் சூழப்பட்டார். சிறுவனின் பெற்றோர் மரக்கிளைகளால் நெருப்பை அடித்து வழியுண்டாக்கி இருவரையும் மீட்டனர். பெருந்தீக்கு 16 நாள்களுக்கு முன் அவருக்குக் கிடைத்த எச்சரிக்கை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு

அக்டோபர் 8 ஞாயிற்றுக்கிழமை. மேற்கிலிருந்து நெருங்கிய குளிர்ந்த காற்றுமண்டலம் பலத்த காற்றைக் கொண்டுவந்தது. ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த தீ எல்லாம் ஒன்றாகிப் பெருந்தீயாக எழுந்தது. பெரும் நெருப்பின் மேல் சூடான காற்று வேகமாக மேலெழும்பும்போது, அந்த வெற்றிடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று நாலாபுறமிருந்தும் பாய்கிறது. அது சுழலத் தொடங்கினால் நெருப்பே ஒரு டொர்னாடோவாக, அதாவது நிலத்தைத் தொட்டுச் சுழலும் சூறாவளியாக, மாறிவிடும். வீடுகளின் கூரைகள் பறந்தன, கனமான பொருள்கள் தூக்கி எறியப்பட்டன என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். வெகுகாலம் இதை மிகைப்படுத்திய பேச்சு என்று எண்ணியவர்கள் உண்டு. 2003-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும், 2018 ஜூலையில் கலிபோர்னியாவின் ரெட்டிங் நகரிலும் இத்தகைய நெருப்புச் சூறாவளிகள் பதிவாயின. ரெட்டிங்கில் காற்றின் வேகம் மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். பெஷ்டிகோ மக்கள் கண்டதைச் சொன்னார்கள் என்பது இன்று நமக்கு விளங்குகிறது.

அன்று மாலை பெர்னின் அடிகளாரின் மனம் அமைதியிழந்தது. தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிப் பெட்டிகளையும் நூல்களையும் திருவழிபாட்டுப் பொருள்களையும் புதைத்தார். பிறகு நற்கருணையை எடுக்கப் போனார். அவசரத்தில் பேழையின் சாவி கைதவறி விழுந்துவிட்டது. தேட நேரமில்லை. பேழையையே தூக்கி வண்டியில் வைத்தார். குதிரை அச்சத்தால் அசைய மறுத்ததால் வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தார்.

ஆற்றங்கரையில் மக்கள் திகைத்து நின்றார்கள். உலக முடிவு வந்துவிட்டது என்று எண்ணி அசையாமல் இருந்தவர்களும் உண்டு. அடிகளார் வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளினார். பின் தம் அருகில் நின்றவர்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுத் தாமும் இறங்கினார். இரவு பத்து மணியளவில் இறங்கியவர்கள் அதிகாலை மூன்றரை மணி வரை ஆற்றிலேயே நின்றார்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்தால் நெருப்பு, உடலை உள்ளே வைத்தால் குளிர். தலைமேல் ஓயாமல் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். விடிந்தபோது பெஷ்டிகோ என்ற ஊர் இல்லை. அடையாளம் காண முடியாத சுமார் 350 பேரை ஒரே கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மரினெட்டில் இருந்த அவருடைய மற்றோர் ஆலயமும் அந்த இரவில் எரிந்துபோனது.

சில நாள்களுக்குப் பின் அந்தப் பேழை ஆற்றில் ஒரு மரக்கட்டையின் மேல் சேதமின்றி நிற்கக் கண்டார்கள். உள்ளே இருந்த நற்கருணைக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தப் பேழையை இன்று பெஷ்டிகோவின் தீ விபத்து அருங்காட்சியகத்தில் காணலாம். தம் ஆலயத்தைக் கட்டியெழுப்ப நிதி திரட்டுவதற்காக 1874-இல் அடிகளார் எழுதி வெளியிட்ட நூல்தான் அந்த இரவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிக விரிவான சாட்சியம்.

ஒரே தீபகற்பம், இரண்டு ஊர்கள்

விரிகுடாவின் மறுகரையில் டோர் தீபகற்பம் இருக்கிறது. அங்கும் அதே இரவில் தீ பரவியது. அங்கே வில்லியம்சன்வில் என்ற ஊர், கூரைக்கான மரவோடு அறுக்கும் ஆலையைச் சுற்றி உருவானது. அதில் வாழ்ந்த 77 பேரில் 60 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மீண்டும் எழவே இல்லை. அது இருந்த இடம் இன்று ஒரு சிறிய பூங்கா. அதன் பெயர் 'சூறாவளி நினைவுப் பூங்கா'. தங்களை அழித்த நெருப்பை அந்த மக்கள் தீ என்று மட்டும் சொல்லவில்லை, சூறாவளி என்றே நினைவில் வைத்தார்கள்.

அதே தீபகற்பத்தில்தான் ராபின்சன்வில் இருந்தது. இன்று அந்த ஊரின் பெயர் சாம்பியன். பெல்ஜியம் நாட்டிலிருந்து குடியேறிய எளிய உழவர்களின் ஊர். அவர்களில் ஒருவர் அடேல் பிரீஸ். 1831-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். 1859 அக்டோபரில் அன்னை மரியா தமக்குக் காட்சி தந்ததாகவும், இந்தக் காட்டுநாட்டின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் பணியைத் தம்மிடம் ஒப்படைத்ததாகவும் அவர் கூறினார். அதன் பிறகு வீடு வீடாக நடந்து சென்று, வீட்டு வேலைகளைச் செய்துகொடுத்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார்.

1871-இல் தீ நெருங்கியபோது, சுற்றியிருந்த மக்கள் குழந்தைகளோடும் கால்நடைகளோடும் அன்னையின் சிற்றாலயத்துக்கு ஓடிவந்தார்கள். அடேலும் அவருடைய தோழியரும் மக்களும் அன்னையின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, செபமாலை சொல்லியபடி வளாகத்தைச் சுற்றி முழந்தாளிட்டுப் பவனி வந்தனர். ஒருபுறம் வெப்பம் தாங்காவிட்டால் மறுபுறம் திரும்பிச் செபித்தனர். விடியற்காலையில் மழை பெய்தது. வேலியின் வெளிப்புறம் கருகியிருக்க, உட்புறம் பச்சையாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

2010 டிசம்பர் 8 அன்று கிரீன் பே ஆயர் டேவிட் ரிக்கன், 1859-ஆம் ஆண்டின் காட்சிகள் நம்பத்தகுந்தவை என்று அறிவித்தார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வாறு ஆயரின் ஏற்பு பெற்ற முதல் மரியன்னைக் காட்சி இதுவே. 2016-இல் அந்த ஆலயம் தேசியத் திருத்தலமாக உயர்த்தப்பட்டது.

அப்படியானால் மற்றவர்கள்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ராபின்சன்வில் மக்கள் செபித்தார்கள், காப்பாற்றப்பட்டார்கள். அப்படியானால் வில்லியம்சன்வில்லில் இறந்த 60 பேர் செபிக்கவில்லையா? பெஷ்டிகோவில் தாயின் மடியிலேயே கருகிய குழந்தைகள் செய்த பாவம் என்ன?

பேரிடர் வரும்போதெல்லாம் இது கடவுளின் தண்டனை என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். பெஷ்டிகோவைப் பற்றியும் சொன்னார்கள். சிக்காகோ தீக்கோ ஓர் ஏழை அயர்லாந்துக் கத்தோலிக்கப் பெண்ணும் அவருடைய பசுவும்தான் காரணம் என்று பழி சுமத்தினார்கள். அந்தப் பழி பொய் என்று சிக்காகோ நகரமன்றம் அறிவிக்க 1997-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஆண்டவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றி அவர் பேசுகிறார். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறார். அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருப்பவர்களை மனம் மாற அழைக்கிறார். இறந்தவர்களின் கணக்கை நாம் தீர்க்க முடியாது. நம் கணக்கை நாம் பார்க்க வேண்டும்.

ஆகவே ராபின்சன்வில்லில் நிகழ்ந்ததற்கு நன்றி சொல்வோம். அதை வில்லியம்சன்வில்லுக்கு எதிரான தீர்ப்பாக மாற்றாதிருப்போம். அருங்குறி என்பது காப்பாற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் அல்ல. அது அவர்கள் மேல் வைக்கப்பட்ட பொறுப்பு. அடேல் அதை நன்றாக அறிந்திருந்தார். 1896-இல் இறக்கும் வரை அவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியை விடவில்லை.

இறைவன் எங்கே இருந்தார்?

ஓரேபு மலையில் எலியா இறைவாக்கினர் கண்டதை 1 அரசர்கள் 19-ஆம் அதிகாரம் கூறுகிறது. பெருங்காற்றில் ஆண்டவர் இல்லை. நிலநடுக்கத்தில் இல்லை. தீயிலும் இல்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியில்தான் எலியா அவரை அறிந்துகொண்டார். அந்த மெல்லிய ஒலியை விஸ்கான்சின் காட்டிலும் நாம் கேட்க முடியும்.

நற்கருணையை விட்டுவிட்டு ஓடாத பங்குத்தந்தையிடம் அது இருந்தது. அவர் பேழையை மட்டும் ஆற்றில் இறக்கவில்லை, கரையில் நின்றவர்களையும் இறக்கினார். இரண்டும் அவருக்கு ஒரே பணி. அதே ஒலி ஆளுநரின் மனைவி பிரான்சஸ் ஃபேர்சைல்டிடமும் இருந்தது. ஆளுநரும் அதிகாரிகளும் சிக்காகோவுக்கு உதவப் போயிருந்த நேரத்தில் பெஷ்டிகோவின் செய்தி வந்தது. 24 வயதே ஆன அந்தப் பெண் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், சிக்காகோவுக்குப் புறப்பட இருந்த நிவாரண இரயிலை வடக்கே திருப்பினார். குளிருக்குப் போர்வைகள் இல்லை என்று கண்டு, மக்களிடம் கேட்டுச் சேர்த்து அனுப்பினார்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தீ வானத்திலிருந்து விழுந்தது அல்ல. காற்றும் வறட்சியும் இயற்கையின் செயல். விறகை அடுக்கியது மனிதர் கை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையாக விட்ட பேராசையும், வாரக்கணக்கில் புகைந்த தீயைப் பார்த்துப் பழகிப்போன அலட்சியமும் அந்த இரவைக் கொண்டுவந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், படைப்பைக் காயப்படுத்தினால் முதலில் துன்புறுவோர் ஏழைகளே என்று நினைவூட்டினார். பெஷ்டிகோவில் தொழிற்சாலையின் உரிமையாளர் பொருளை இழந்தார். தொழிலாளர்கள் உயிரை இழந்தார்கள்.

நமது நினைவு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 8 அன்று சாம்பியன் திருத்தலத்தில் மக்கள் கூடி, அன்று முன்னோர் நடந்த அதே வளாகத்தைச் சுற்றிச் செபமாலைப் பவனி வருகிறார்கள். நாமும் நம் குடும்பங்களில் அந்த நாள் ஒரு பத்து மணிகளை அவர்களுக்காகச் சொல்லலாம். காப்பாற்றப்பட்டவர்களுக்காக நன்றியும், பெயர் தெரியாமல் ஒரே குழியில் உறங்கும் 350 பேருக்காக மன்றாட்டும் அதில் சேரட்டும். செபம் முடிந்ததும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நம் வீட்டில், நம் பங்கில், நம் ஊரில் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தும் நாம் பழகிப்போன தீ எது? காற்று வருவதற்கு முன் அதை அணைப்பது நம் கையில் இருக்கிறது.

இறந்த அந்த மக்களுக்கு இறைவன் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. ஆமென்.